கேஸ் துப்பாக்கியில் சிலிண்டர் எங்கே இருக்கிறது?

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் ஒரு டீக்கடை. காலை ஆறரை மணிக்கு அங்கே உட்கார்ந்தால் உலக விவகாரம் அத்தனையும் காதில் விழும். போன மாதம் ஒருநாள் பேச்சு துப்பாக்கியைப் பற்றி. முந்தின இரவு டி.வி.யில் ஓடிய படத்தில் நாயகன் ஆற்றுக்குள் மூழ்கிப்போய் எதிர்க்கரையில் எழுந்தானாம். எழுந்த வேகத்தில் கையிலிருந்த ஏ.கே.47-ஆல் எட்டுப் பேரைச் சாய்த்தானாம்.

"தண்ணியில ஊறின துப்பாக்கி எப்படிடா சுடும்? மருந்து நமுத்துப் போயிருக்காதா?" என்றார் பரிசல் ஓட்டுகிற பெரியவர்.

"அது கேஸ்ல வேலை செய்யற துப்பாக்கி தாத்தா. மருந்தெல்லாம் கிடையாது" என்றான் கல்லூரிக்குப் போகிற பையன்.

"கேஸா? அப்போ சிலிண்டரை எங்க மாட்டுவாங்க?" என்றார் கடைக்காரர். அவர் கேட்டது கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த என் தாய்மாமா டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "மூணு பேரும் தப்பு மாப்ள. படம் எடுத்தவனும் தப்பு" என்றார் என்னிடம்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் துப்பாக்கிப் பேச்சுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. வீரப்பனைத் தேடி அதிரடிப்படை மலையடிவார ஊர்களில் முகாம் போட்டிருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கதை முடிந்தது. துப்பாக்கிப் பெயர்கள் மட்டும் ஊரோடு தங்கிவிட்டன. எஸ்.எல்.ஆர்., ஏ.கே., இன்சாஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து குண்டு சுட்டதோடு என் அனுபவம் சரி. மாமாவிடம் கேட்டதையும் பாடத்தில் தெரிந்ததையும் சேர்த்து, கடைக்காரரின் சிலிண்டர் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

தோட்டா வேறு, குண்டு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொண்டால் அப்புறம் எதுவும் விளங்காது.

துப்பாக்கிக்குள் போடுவது தோட்டா. பித்தளையில் செய்த சின்னக் குப்பி ஒன்று. அதன் வாயில் செருகியிருக்கும் உலோக முனைதான் குண்டு. குப்பிக்குள் மருந்துத் தூள் இருக்கும். அடிப்பாகத்தின் நடுவில் தீக்குச்சித் தலை மாதிரி அடித்தால் பற்றிக்கொள்கிற ஒரு சிறு மூடி. அதற்குப் பிரைமர் என்று பெயர். பறந்து போவது குண்டு மட்டும்தான். குப்பி பக்கவாட்டில் தெறித்துக் கீழே விழும். படங்களில் காலடியில் கலகலவென்று கொட்டுவது அதுதான்.

தோட்டா உட்காரும் இடத்தை அறை என்போம். அறைக்கு முன்னால் நீளும் குழாய் குழல். ராணுவக்காரர்கள் பேரல் என்பார்கள். அறையின் பின்வாசலை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் இரும்புக் கட்டை போல்ட்.

விசையை இழுத்தால் ஓர் ஊசி பிரைமரைக் குத்தும். அது பற்றி, மருந்தைப் பற்றவைக்கும். நாம் 'வெடிமருந்து' என்று சொன்னாலும், உண்மையில் அது வெடிப்பதில்லை. மிக வேகமாக எரிகிறது. எரிந்தால் என்ன வரும்? புகை, அதாவது சூடான வாயு. இத்தனூண்டு தூளிலிருந்து ஏராளமான வாயு. போக வழியில்லை. பின்னால் போல்ட் அடைத்திருக்கிறது, சுற்றிலும் இரும்பு. முன்னால் இருக்கிற குண்டு ஒன்றுதான் நகரக்கூடியது. அதைத் தள்ளிக்கொண்டு வாயு ஓடுகிறது.

எவ்வளவு அழுத்தம்? பஞ்சர் கடையில் பைக் டயருக்குக் காற்று அடிக்கும்போது "முன்னால 25, பின்னால 33" என்கிறோமே, அது பி.எஸ்.ஐ. கணக்கு. குக்கரில் விசில் வரும்போது உள்ளே கூடுதலாக இருக்கும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. அளவு. சரி, ஏ.கே. ரகத் துப்பாக்கியின் அறையில்? 50,000 பி.எஸ்.ஐ. வரை எழும். இன்சாஸ் போடுகிற 5.56 மி.மீ. தோட்டாவில் அதைவிடவும் கொஞ்சம் அதிகம். இந்த அழுத்தம் நிற்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் குண்டு குழலைத் தாண்டிப் போய்விடும்.

இதுவரை பார்த்தது: மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. இந்த அளவில் நாட்டுத் துப்பாக்கியும் ஏ.கே.வும் ஒன்றுதான்.

அந்தக் கேஸ் எது?

வித்தியாசம் அடுத்த தோட்டாவில் வருகிறது.

முன்பு போலீசில் எங்கும் பார்த்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சுட்டதும் கையால் போல்ட்டைத் திருப்பி, பின்னால் இழுத்து, காலிக் குப்பியை வெளியே தள்ளி, மறுபடி முன்னால் தள்ளி, தாழ்ப்பாளிட வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டா அறைக்குள் போகும். என்.சி.சி.யில் நான் சுட்டதும் அந்த வகைதான். தாழ்ப்பாளைத் திறப்பதும் மூடுவதும் கையின் வேலை.

அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொண்டால்? அதற்குச் சக்தி எங்கிருந்து வரும்? குண்டைத் தள்ளிவிட்டு குழல் வாயில் வீணாக வெளியேறும் வாயு இருக்கிறதே, அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் 1889 வாக்கில், துப்பாக்கி சுடும்போது முன்னாலிருந்த புற்கள் வாயுக் காற்றில் சாய்வதைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்வதுண்டு. புல்லைச் சாய்க்கிற காற்று ஒரு கம்பியைத் தள்ளாதா என்ன?

வீட்டில் ஊதாங்குழல் இருக்கிறதா? அதன் நடுவில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் பெரும்பகுதிக் காற்று அடுப்புக்குப் போகும். கொஞ்சம் துளை வழியாகப் பீறிடும். விரலை வைத்தால் காற்று விரலைத் தள்ளுவது தெரியும். துப்பாக்கிக் குழலிலும் அப்படி ஒரு துளை இருக்கிறது. அதற்குக் கேஸ் துளை என்று பெயர். விரலுக்குப் பதிலாக அங்கே ஒரு பிஸ்டன் நிற்கிறது. பைக் என்ஜினில் இருக்கிற அதே பிஸ்டன் தத்துவம்தான். வாயு தள்ளினால் நகரும் தண்டு.

ஆக, கடைக்காரர் கேட்ட சிலிண்டர் எங்கும் கிடையாது. 'கேஸ்' என்பது எல்.பி.ஜி.யும் அல்ல, வெளியிலிருந்து நிரப்புவதும் அல்ல. ஒவ்வொரு தோட்டாவும் எரியும்போது தானே உண்டாக்கும் புகைதான் அது. பொருட்காட்சியில் பலூன் சுடுகிற காற்றுத் துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

குண்டு குழலில் ஓடி, கேஸ் துளையைத் தாண்டுகிறது. தாண்டிய கணத்தில் பின்னால் வரும் வாயுவில் ஒரு சிறு பங்கு துளைக்குள் நுழைந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ளுவது போல்ட்டை அல்ல. போல்ட்டைச் சுமந்துகொண்டு ஓடும் கனமான இரும்பு வண்டியை. அதைக் கேரியர் என்பார்கள்.

கேரியர் உடனே தாழ்ப்பாளைத் திறந்துவிடாது. முதலில் கொஞ்ச தூரம் சும்மா பின்னால் நகரும். அதன் பிறகே அதிலுள்ள சாய்வான பள்ளம் போல்ட்டைத் திருப்பித் தாழ்ப்பாளை விடுவிக்கும். காலிக் குப்பி வெளியே தெறிக்கும். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் நன்றாக அமுங்கி, திரும்பக் கேரியரை முன்னால் உதைக்கும். போகிற வழியில் மேகசினிலிருந்து, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியிலிருந்து, ஒரு தோட்டாவைத் தள்ளி அறையில் ஏற்றித் தாழ்ப்பாளிடும். தொடர்ந்து சுடும்போது ஏ.கே. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் ஓடும். ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு விநாடி.

எல்லாத் துப்பாக்கியிலும் பிஸ்டன் ஒரே மாதிரி இல்லை. ஏ.கே.யில் பிஸ்டனும் கேரியரும் ஒட்டிப் பிறந்தவை, கடைசிவரை சேர்ந்தே பின்னால் ஓடும். எஸ்.எல்.ஆரில் பிஸ்டன் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி. ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுகொள்ளும், கேரியர் காயைப் போலத் தனியாகப் பின்னால் போகும். அமெரிக்காவின் எம்.16-ல் தண்டே கிடையாது. ஒரு மெல்லிய குழாய் வாயுவை நேராகக் கேரியருக்குள் கொண்டுபோய் விடும். இந்த வித்தியாசங்களை வைத்து ராணுவக்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நமக்கு இது போதும்.

அந்த 'கொஞ்ச தூரம் சும்மா நகரும்' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில்தான் குண்டு குழலை விட்டு வெளியேறுகிறது, அழுத்தம் இறங்குகிறது. குக்கரில் பிரஷர் அடங்கும்வரை மூடியைத் திறக்காமல் காத்திருக்கிறோம் அல்லவா, துப்பாக்கி அந்தக் காத்திருப்பை இரும்பின் எடையாலும் பள்ளத்தின் நீளத்தாலும் செய்துகொள்கிறது. கடிகாரமும் இல்லை, சென்சாரும் இல்லை. எல்லாம் அளவு பார்த்து வைத்த நேரக் கணக்கு. தண்ணீர் வந்து கெடுப்பது இந்தக் கணக்கைத்தான்.

சுருக்கமாக: வாயுவில் ஒரு பங்கு திரும்பி வந்து தாழ்ப்பாளைத் திறந்து மூடுகிறது. அழுத்தம் அடங்கிய பிறகே திறக்கும்படி நேரம் வைத்திருக்கிறார்கள்.

நனைந்தால் சுடுமா?

இப்போது பரிசல்காரப் பெரியவரின் கேள்வி. அவர் சொன்னது அனுபவப் பேச்சுதான், ஆனால் வேறு துப்பாக்கியின் அனுபவம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி ஒரு காலத்தில் சாதாரணம். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்று வைத்திருப்பார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் அவ்வப்போது ஊர் ஊராகச் சொல்வதும் உண்டு. அதில் மருந்தை வாய்வழியாகக் கொட்டி, குச்சியால் இடிப்பார்கள். மருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருந்தூள். வெடியுப்பு தண்ணீரில் கரையும். ஒரு மழைச்சாரல் பட்டாலே நமுத்துவிடும். ஆகவே அந்தத் துப்பாக்கி விஷயத்தில் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ராணுவத் தோட்டா அப்படி இல்லை. குண்டு குப்பியின் கழுத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இடுக்குகளையும் பிரைமரைச் சுற்றியும் அரக்கு போன்ற பூச்சால் அடைத்திருப்பார்கள். ஆற்றில் மூழ்கி எழுந்தாலும் உள்ளே ஈரம் போகாது. இன்னொன்று, மருந்து எரிய வெளிக்காற்று தேவையில்லை. எரிவதற்கான ஆக்சிஜன் அதன் வேதிப்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் தண்ணீருக்குள் வைத்து விசையை இழுத்தாலும் பற்றிக்கொள்ளும்.

அப்போது படம் எடுத்தவர் சொன்னது சரிதானே என்று பையன் கேட்டான். அங்கேதான் மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "சுடும் தம்பி. அதான் பிரச்சினையே" என்றார்.

சுடாமல் போனால் ஒன்றும் ஆகாது. குழலில் தண்ணீரை வைத்துக்கொண்டு சுட்டுவிடுவதுதான் ஆபத்து.

பப்பாளிக் காம்பில் நிற்கும் தண்ணீர்

துப்பாக்கி குழாய் மாதிரிதானே, வெளியே எடுத்ததும் தண்ணீர் வடிந்துவிடாதா? வடியாது. சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து விளையாடியவர்களுக்குக் காரணம் தெரியும். காம்பைத் தண்ணீரில் முக்கி, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். விரலை எடுத்தால்தான் கொட்டும். இளநீர் ஸ்ட்ராவிலும் இதேதான்.

கீழேயிருந்து காற்று அழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது. மேலே காற்று நுழைய வழியில்லை. தண்ணீர் கீழே நழுவினால் மேலே வெற்றிடம் உண்டாக வேண்டும், அதனால் நழுவாது. அகலமான குழாயாக இருந்தால் கீழ்வாயில் காற்றுக்குமிழி பக்கவாட்டில் புகுந்து மேலே ஏறிவிடும், தண்ணீர் கொட்டிவிடும். குறுகிய குழாயில் நீர்ப்பரப்பின் இழுவிசை அதற்கு இடம் கொடுக்காது. பன்னிரண்டு போர் எனப்படும் வேட்டைத் துப்பாக்கியின் குழல் கட்டைவிரல் நுழையும் அகலம்; கவிழ்த்தால் வடிந்துவிடும். 5.56 மி.மீ. குழல் ஸ்ட்ரா அகலம்தான். ஏ.கே.யின் 7.62 மி.மீ. குழலும் அதைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான்.

துப்பாக்கியில் கட்டைவிரலாக இருப்பது எது? அறையில் உட்கார்ந்திருக்கும் தோட்டா. அது பின்வாசலை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கிறது. நடுவிலிருக்கும் கேஸ் துளையும் ஈரத்தில் அடைபட்டிருக்கும். எனவே ஆற்றிலிருந்து எழுந்த நாயகன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் தண்ணீர் உள்ளேயே இருந்திருக்கும்.

இரண்டு டீஸ்பூன் தண்ணீர் என்ன செய்துவிடும்?

5.56 மி.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள குழலில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 10 மில்லி. இரண்டு டீஸ்பூன். இருமல் மருந்தே ஒரு வேளைக்கு அந்த அளவு குடிக்கிறோம்.

இப்போது எடையைப் பாருங்கள். 10 மில்லி தண்ணீர் 10 கிராம். அந்தத் துப்பாக்கியின் குண்டு சுமார் 4 கிராம். அதாவது குண்டு தன்னைப்போல் இரண்டரை மடங்கு எடையை முன்னால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். வழக்கமாக அந்தக் குழலில் இருக்கும் காற்றின் எடை கிராமில் நூறில் ஒரு பங்குதான்.

குண்டு மெதுவாக நகர்ந்தால் பின்னால் என்ன ஆகும்? மருந்து எரிந்துகொண்டே இருக்கிறது. வாயு வந்துகொண்டே இருக்கிறது. இடம் மட்டும் விரியவில்லை, ஆகவே அழுத்தம் ஏறுகிறது. இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறுகிற மாதிரி. எல்லாம் ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள்.

இது ஒரு வழி. இன்னொரு வழி இதைவிடக் கொடூரமானது. அதைப் புரிந்துகொள்ள நம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரிடம் போவோம்.

குழாய் ஏன் 'டம்' என்று அடிக்கிறது

தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு ஆயிரம் அடி போர்வெல் புதிதல்ல. மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் குழாயில் 'டம்' என்று ஒரு அடி கேட்கும். மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று திரும்பி வருகிறது, வால்வு சட்டென்று மூடுகிறது, ஓடி வந்த தண்ணீர் அதில் மோதுகிறது. சில சமயம் இணைப்பே பிய்த்துக்கொள்ளும். இதைத்தான் நீர்ச் சம்மட்டி என்கிறார்கள்.

காற்று என்றால் மோதும்போது சுருங்கிக்கொடுக்கும், பஞ்சு மெத்தை மாதிரி. தண்ணீர் சுருங்காது. ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்கூட நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் சுருங்கும். எனவே மோதலின் அடி முழுவதும் அழுத்தமாகக் குழாய்ச் சுவரில் இறங்குகிறது. எவ்வளவு அழுத்தம் என்பதற்கு எளிய தோராயக் கணக்கு உண்டு: தண்ணீரின் அடர்த்தி, தண்ணீருக்குள் ஒலி போகும் வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிற தண்ணீர் இரும்புக் குழாயில் சட்டென்று நின்றால் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு அழுத்தம் எழும். குழாய் அதிர்வதில் ஆச்சரியம் இல்லை.

துப்பாக்கிக்குழலில் மோதுவது குண்டு. பாதித் தூரம் காற்றில் ஓடி வேகம் பிடித்த குண்டு, மீதிப் பாதியில் நிற்கும் தண்ணீர்த் தூணில் போய் முட்டுகிறது. அந்த இடத்தில் வேகம் விநாடிக்கு 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே கணக்குப்படி அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 7,000 மடங்கைத் தாண்டுகிறது. பி.எஸ்.ஐ.யில் ஒரு லட்சத்துக்கு மேல். அறை தாங்கும்படி செய்த அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் குழலின் மெல்லிய பகுதியில். பாம்பு தவளையை விழுங்கிய மாதிரி குழல் ஓரிடத்தில் உப்பிவிடும். சில சமயம் பிளந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. முழுக்க நிறைந்த குழலைவிடப் பாதி நிறைந்த குழல் சில நேரம் மோசம். முழுக்க நிறைந்திருந்தால் குண்டு தொடக்கத்திலிருந்தே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது, ஓடிப்போய் மோதுவதில்லை. பாதி நிறைந்திருந்தால் ஓட்டமும் உண்டு, மோதலும் உண்டு. 'கொஞ்சம்தானே இருக்கு' என்பது இங்கே ஆறுதல் இல்லை.

ஒரு தவறான கதையையும் இங்கேயே தள்ளிவிடலாம். தண்ணீர் சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் குழலைப் பிளக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு நேரமே இல்லை. குண்டு குழலில் இருப்பது ஆயிரத்தில் ஒரு விநாடி. அதற்குள் பத்து கிராம் தண்ணீர் கொதித்து எழாது. தண்ணீரின் எடையும் சுருங்காத குணமும்தான் காரணம்.

மழையில் நனைவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. குழல் சுவரில் நாலு துளி ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது. ராணுவம் மழையில்தான் பாதி நாள் இருக்கிறது. தூணாக நின்று குழலை அடைக்கிற தண்ணீர்தான் ஆபத்து. சேறு, சுத்தம் செய்யும்போது உள்ளே சிக்கிய துணித்துண்டு எல்லாமே இந்த வகைதான்.

இதுவரை: தோட்டா அடைத்திருப்பதால் குழலில் தண்ணீர் நிற்கும். அதன் எடை பின்னால் அழுத்தத்தை ஏற்றும், மோதல் முன்னால் குழலை உப்ப வைக்கும். இது எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

கேஸ் துப்பாக்கிக்கு மட்டும் கூடுதல் தொல்லை

த்ரீ நாட் த்ரீயில் போல்ட்டைக் கையால் திறந்தால்தான் திறக்கும். குழல் உப்பினாலும் பின்வாசல் தாழ்ப்பாள் அப்படியே நிற்கும். கேஸ் துப்பாக்கி தானாகத் திறக்கிற சாதி. அங்கேதான் அந்த நேரக் கணக்கு.

குண்டு கேஸ் துளையைத் தாண்டிய பிறகு தண்ணீரில் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை திறந்தாகிவிட்டது. வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில், அதிக நேரம், வாயு பிஸ்டனை உதைக்கிறது. கேரியர் வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது. ஆனால் குண்டு இன்னும் வெளியேறவில்லை, அழுத்தம் அடங்கவில்லை. அதற்குள் தாழ்ப்பாள் திறந்துகொள்கிறது. பிரஷர் இருக்கும்போதே குக்கர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? இங்கே பித்தளைக் குப்பி கிழிந்து, வாயு பின்பக்கம் பாய்கிறது. மேகசின் கீழே பிய்த்துக்கொண்டு போகலாம். கைக்கும் முகத்துக்கும் பக்கத்தில் நடப்பது இது.

குழல் குட்டையான கார்பைன்களில் நிலைமை இன்னும் இறுக்கமானது. கேஸ் துளை அறைக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே வாயுவின் அழுத்தம் ஏற்கெனவே அதிகம்.

பின்பக்கத் தொல்லையும் உண்டு. எம்.16 ரகத்தில் கேரியர் பின்னால் ஓடுவதற்கு, தோளில் வைக்கும் கட்டைக்குள் ஒரு குழாய் இருக்கிறது. அதில் தண்ணீர் நிறைந்திருந்தால் கேரியர் முழுதாகப் பின்னால் போக முடியாது. சைக்கிள் பம்ப்பில் தண்ணீர் ஊற்றி வாயை அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள், கைப்பிடி இறங்காது. தண்ணீர் வடிவதற்கென்று அந்தக் குழாயில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். வடிய நேரம் கொடுக்காமல் சுட்டால் பாதியில் மாட்டிக்கொள்ளும். ஏ.கே.யில் பிஸ்டன் ஓடும் உறை தளர்வானது, பக்கத்தில் துளைகளும் உண்டு. அங்கே தண்ணீர் சிக்குவது குறைவு. அதற்காக ஏ.கே.யின் குழலில் தண்ணீர் நிற்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஏ.கே.வைச் சேத்துல புதைச்சு எடுத்தாலும் சுடும்' என்கிற வீரப்பேச்சு இந்த இடத்தில்தான் ஆளைக் காயப்படுத்துகிறது.

எனக்கு இது முழுதாக விளங்கியது ஒரு பைக்கால். என் தம்பி மகன் மழைத் தண்ணீர் தேங்கிய ரயில்வே சுரங்கப்பாதையில் வண்டியை விட்டான். நடுவில் நின்றுபோனது. விடாமல் செல்ஃப் அடித்திருக்கிறான். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, "கனெக்டிங் ராடு வளைஞ்சுபோச்சு சார்" என்றார். காற்றுப் போகிற வழியில் தண்ணீர் என்ஜினுக்குள் புகுந்திருக்கிறது. பிஸ்டன் மேலே போய் அமுக்கப் பார்த்தது, தண்ணீர் அமுங்கவில்லை, நடுவிலிருந்த இரும்பு வளைந்தது. நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து ஓட்டியிருக்கலாம். கெடுத்தது அந்த செல்ஃப்.

பழகியவர்கள் என்ன செய்கிறார்கள்

"ஆத்தைத் தாண்டினா முதல் வேலை என்ன மாமா?" என்று கேட்டேன்.

"வாயைக் கீழ பிடி. காக்கிங் கைப்பிடியைக் கொஞ்சூண்டு பின்னால இழு. முழுக்க இல்ல, லேசா. விரல் விசைப்பக்கமே போகக் கூடாது. தண்ணி தானா விழும்" என்றார்.

போல்ட்டை இழுக்கிற அந்தக் கைப்பிடியை லேசாக இழுத்ததும் தோட்டா அறையிலிருந்து நூலளவு நகர்கிறது. காற்று நுழைகிறது. பப்பாளிக் காம்பில் கட்டைவிரலைத் தூக்கிய மாதிரி. சில விநாடிகளில் குழல் காலியாகிவிடும். அவசரமில்லாத நேரமாக இருந்தால் மேகசினைக் கழற்றி, அறையில் இருப்பதையும் எடுத்துவிட்டு, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பார்ப்பார்கள். முகாமுக்கு வந்ததும் புல்த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்துத் துடைத்து எண்ணெய் போடுவது தனி வேலை. அதைத் தள்ளிப்போட்டால் இரண்டு நாளில் துரு பிடித்துக்கொள்ளும். துரு விஷயத்தில் திட்டு வாங்காத சிப்பாய் கிடையாது என்றார் மாமா.

தண்ணீர் உள்ளேயே போகாமல் தடுப்பதும் பழைய வழிதான். 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்க வீரர்களின் புகைப்படங்களைப் பாருங்கள். துப்பாக்கியை முழுதாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்பார்கள்.

தண்ணீருக்குள்ளேயே சுட்டால்?

பையன் விடவில்லை. "அப்போ தண்ணிக்குள்ளேயே சுடற துப்பாக்கியே இல்லையா?" என்றான்.

இருக்கிறது. சாதாரணத் துப்பாக்கியைத் தண்ணீருக்குள் சுட்டால் குண்டு சில அடி தூரத்திலேயே ஓய்ந்துவிடும். தண்ணீர் காற்றைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. வேகமான ரைஃபிள் குண்டு தண்ணீரில் அடித்தால் நொறுங்கியும் போகும். சோவியத் யூனியன் 1970-களில் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக ஏ.பி.எஸ். என்ற துப்பாக்கியை உருவாக்கியது. அதுவும் கேஸ் துப்பாக்கிதான். அதன் குழலுக்குள், குண்டைச் சுழல வைக்கிற புரிகள் கிடையாது; வழவழவென்று இருக்கும். குண்டும் நம் கணக்குக் குண்டு இல்லை, சுமார் அரைச் சாண் நீளமுள்ள எஃகு ஊசி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது ஊசியைச் சுற்றி ஒரு நீண்ட குமிழி உண்டாகி, அதுவே ஊசியை நேராகப் பிடித்துக்கொள்கிறது.

"அப்போ அந்த ஹீரோவுக்கு அதைக் கொடுத்திருக்கலாமே" என்றார் கடைக்காரர்.

கொடுத்திருக்கலாம். ஆனால் கரையேறியதும் அந்த ஊசிக்குத் தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இல்லை, சுழலவைக்கப் புரியும் இல்லை. காற்றில் அது தள்ளாடிக்கொண்டு எங்கேயாவது போகும்.